முதுகில் அவருடைய பெயர்

இல்லை, அவர் கெட்டவர் என்று நான் சொல்லவே இல்லை. ஜெர்மனியிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தவர், இத்தாலியில், ஒரேத்தோ பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டில் உட்கார்ந்து, தான் ரசிகராக இருக்கும் ஜெர்மன் உதைபந்தாட்டக் கழகம் பட்டம் வென்ற கதையை மட்டுமே சொன்னார்.

"முழு சீசனும் நாங்கள் ஒரு மட்ச்சும் தோக்கேல்லை."

"நீங்கள் எந்த இடத்தில விளையாடினீங்கள்?" என்று கேட்டேன்.

அம்மா முறைத்தார். மாப்பிள்ளை சிரிக்கவில்லை.

"கலியாணம் முடிய வேலையை விடுங்கோ. மட்ச் நாளில பெடியள் வீட்டை வருவாங்கள். சமைக்க ஆள் வேணும்."

பிறகு பரிசு தந்தார். கழகத்தின் சட்டை. முதுகில் அவருடைய பெயர். நான் இன்னும் சம்மதமே சொல்லவில்லை.

அளவு சரியாக இருந்தது. அம்மாதான் சொல்லியிருக்க வேண்டும்.

"ஜெர்மனி மாப்பிள்ளை, பிள்ளை. வடிவா யோசி," என்றார் அம்மா சமையலறையில்.

யோசித்தேன். ஒரு சீசன் முழுக்கத் தோற்காதவருக்கு ஒரு தோல்வி நல்லதுதானே? நீங்களே சொல்லுங்கள்.

சட்டையை மடித்து அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு, பிரான்காச்சோ பகுதிக்குப் போகும் பஸ்ஸைப் பிடித்து வேலைக்குப் போனேன்.