டெரிக் பாட்ஸின் பாய்லரும் என்னுடையதும்

1991 அக்டோபர் 14. பள்ளி பாய்லர்: 6,240 பவுண்டு.
1991 அக்டோபர் 17. நூலக பாய்லர்: 6,240 பவுண்டு.
2014 மார்ச் 3. பள்ளி பாய்லருக்குப் புது பர்னர்: 1,185 பவுண்டு.
2022 பிப்ரவரி 9. நூலகத்துக்கு அரசு மானியம்: 2,18,400 பவுண்டு.
2022 பிப்ரவரி 9. பள்ளிக்கு: ஒன்றுமில்லை.

டெரிக் பாட்ஸைப் பற்றி நியாயமாக எழுதப் பார்க்கிறேன். எளிதில்லை.

1987 முதல் அவன் எங்கள் ஊர் நூலகத்தின் பராமரிப்பாளன். எதிரே இருக்கும் பள்ளியில் எனக்கும் அதே வேலை. இரண்டு கட்டடத்தையும் சூடாக்க ஒரே வாரத்தில் ஒரே வகை பாய்லர் வந்தது. தினமும் காலை ஆறரைக்கு நீரின் சூடு, அழுத்தம், கேஸ் அளவு மூன்றையும் நான் குறித்துவைப்பேன். நாளுக்கு ஒரு பக்கம், வருடத்துக்கு ஒரு நோட்டு. டெரிக் குறித்தது குதிரைப் பந்தய முடிவுகளை மட்டும். பாய்லர் நின்றால் பூட்ஸ் காலால் ஓர் உதை. அப்படியும் எரியாவிட்டால் நூலகத்தில் எல்லோரும் கோட்டோடு உட்கார்ந்து படிப்பார்கள்.

பொதுக் கட்டடங்களில் கேஸ் பாய்லரை எடுத்துவிட்டு, வெளிக்காற்றின் சூட்டை உள்ளே இழுக்கும் ஹீட் பம்ப் வைக்க அரசு பணம் தந்தது. ஒரு நிபந்தனை: பழைய பாய்லரின் ஆயுள் முடிந்திருக்க வேண்டும். 2021 கடைசியில் ஆய்வுக்கு வந்த பெண் நூலகத்தில் பத்து நிமிடம் இருந்தாள். பள்ளியில் என் முப்பத்தோரு நோட்டுகளையும் இரண்டு மணி நேரம் படித்தாள். அன்று மாலை எனக்குப் பெருமை தாங்கவில்லை.

முடிவைத்தான் மேலே எழுதியிருக்கிறேனே.

"நார்மன், துடைச்சுத் துடைச்சே கெடுத்துட்டியேப்பா! என்னை மாதிரி நாலு உதை விட்டிருக்கணும்" என்றான் டெரிக். புது இயந்திரத்தின் மேல் கை போட்டுக்கொண்டு உள்ளூர்ப் பத்திரிகைப் படத்தில் நின்றான், ஏதோ அவனே பெற்று வளர்த்தது போல. அதன் பிறகு நான் வாரம் மூன்று நாள் நூலகம் போனேன். புத்தகம் எடுக்கவில்லை. சுவரோரம் சூடு தரும் ரேடியேட்டர்களைத் தொட்டுப் பார்த்தேன். மொத்தம் இருபத்திரண்டு. எல்லாமே ஒரே சூடு.

2024 மார்ச்சில் மறுபடி விண்ணப்பித்தோம். கேஸ் பில் கட்டி ஓய்ந்துபோயிருந்த தலைமையாசிரியை மிஸஸ் அட்கின்சன் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"நார்மன், இந்தத் தடவை அந்த நோட்டெல்லாம் கண்ணுல படாம இருந்தா நல்லாருக்கும்."

"படாதுங்க, மிஸ்."

ஞாயிற்றுக்கிழமையே எல்லாவற்றையும் என் கார் டிக்கியில் ஏற்றினேன். டெரிக்குக்கு இருப்பது எனக்கும் வேண்டும். எனக்கு அது போதும்.

இந்த முறை ஆய்வுக்கு வேறு கம்பெனி, வேறு ஆள். பாய்லரைச் சுற்றி வந்தார்.

"சர்வீஸ் ரெக்கார்டு ஏதாவது இருக்கா?"

மிஸஸ் அட்கின்சன் ஜன்னலைப் பார்த்தார். நான் கார் சாவியைப் பாக்கெட்டுக்குள் தள்ளினேன்.

"இல்லைன்னா விடுங்க. முப்பத்திரண்டு வருஷப் பழசு, ஆயுள் முடிஞ்சுதுன்னு எழுதிடறேன்." பேனாவை எடுத்தவர் சிரித்தார். "எதிர்ல நூலகத்துலயும் ஒண்ணுமே எழுதி வைக்கலையாமே? அவரும் நீங்களும் ஒரே மாதிரி போல."

ஒரே மாதிரி. நானும் டெரிக்கும்.

"கார்ல இருக்கு, எடுத்துட்டு வரேன்" என்றேன்.

"நார்மன்!" என்றார் மிஸஸ் அட்கின்சன். நான் அதற்குள் வாசலைத் தாண்டியிருந்தேன். முப்பத்துநாலு நோட்டுகள், சுமந்து வர நான்கு நடை.

மறுப்புக் கடிதம் என் எழுத்தையே ஆதாரம் காட்டியது: நோட்டு 24, பக்கம் 62, புது பர்னர். பாய்லருக்கு இன்னும் ஒன்பது வருடம் ஆயுள் இருக்கிறதாம். இதற்குமேல் விண்ணப்பிக்க முடியாது. கடிதம் வந்தது 2024 மே 21, செவ்வாய்க்கிழமை.