தண்ணீரிடம் பேசிய வேதமணி

என் அக்காள் ஆனந்தபாயின் கொழுந்தன் வேதமணியை எனக்கு வெகுகாலம் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இப்போது அவன் இல்லை என்பதற்காக அவனை உத்தமனாக்கி எழுத எனக்கு வராது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து நான்கில் பாறசாலைப் பக்கம் வீட்டுக்கு ஒருவராவது போராட்டத்தில் இருந்தார்கள். திருவிதாங்கூரில் தமிழ் பேசும் தாலுகாக்கள் தமிழகத்தோடு சேர வேண்டும் என்று ஊர்வலம், கடையடைப்பு, மறியல் என எந்நேரமும் ஏதாவது ஒன்று நடந்துகொண்டிருந்தது. என் அத்தான் ஈசாக், அதாவது அக்காளின் கணவர், அங்கே தையல் கடை வைத்திருந்தார். அந்தக் கடையில் துணி தைத்ததைவிடத் தட்டி எழுதியதுதான் அதிகம்.

அவருடைய ஒரே தம்பி வேதமணி மட்டும் எதிலும் சேரவில்லை. இன்டர்மீடியட்டில் ரசாயனம் படித்துவிட்டு, மேலே படிக்க வழியில்லாமல், சர்க்காரின் கடல் ஆராய்ச்சிக் கப்பலில் உதவியாளனாகச் சேர்ந்திருந்தான். கப்பல் என்பது மரியாதைக்குச் சொல்வது. பழைய ரோந்துப் படகு ஒன்றைப் பழுது பார்த்து, பின்பக்கம் கம்பியை இறக்கி ஏற்றும் ஒரு விஞ்சும் நடுவில் நாலடி அகலத்தில் ஒரு ரசாயன அறையும் வைத்திருந்தார்கள். விழிஞ்ஞத்திலிருந்து புறப்பட்டு, பொழியூருக்கு நேராகக் கடலுக்குள் போய், குறித்த ஐந்து இடங்களில் நின்று, குறித்த ஆழங்களிலிருந்து தண்ணீர் எடுப்பார்கள். அந்தத் தண்ணீரில் காரம் எவ்வளவு, அது அமிலப் பக்கம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது, கரியமிலவாயு எவ்வளவு கரைந்திருக்கிறது என்று அளப்பது இவன் வேலை.

"கடல் தண்ணியில உப்பு உண்டுன்னு கண்டுபிடிச்சாச்சா?" என்று நான் கேலி செய்வேன். அவன் சிரிக்கவும் மாட்டான், கோபிக்கவும் மாட்டான். அதுவே எனக்கு எரிச்சலாக இருக்கும்.

மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்த அந்த ஆகஸ்டில் போலீஸ் கண்டவர்களை எல்லாம் பிடித்தது. அத்தானையும் பிடித்துக்கொண்டு போய் லாக்கப்பில் அடைத்தார்கள். சர்க்கார் உத்தியோகத்தில் இருக்கும் உறவினர் யாராவது வந்து ஜாமீன் கையெழுத்துப் போட்டால் விட்டுவிடுவதாக அங்கிருந்த அதிகாரி சொன்னார். அக்காள் விடிந்தும் விடியாமலும் வேதமணியிடம் ஓடினாள். அவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பி நின்றான்.

"இண்ணைக்குக் கப்பல் போகுது மைனி. திரும்பி வந்த உடனே வாறேன்" என்றான்.

"எப்போ திரும்பும்?"

"மூணு நாளு."

காற்று கடுமையாகி, கப்பல் கொச்சியில் ஒதுங்கி, ஒன்பதாம் நாள்தான் விழிஞ்ஞத்துக்கு வந்தது. அதற்குள் அத்தானை அடித்துத் தீர்த்துவிட்டு அவர்களாகவே வெளியே விட்டிருந்தார்கள். அந்த வாரமே அத்தான் தையல் மெஷினை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு, அக்காளோடு பனச்சமூட்டுக்கு, எங்கள் வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்குக் குடி வந்துவிட்டார்.

வேதமணி வந்தான். இல்லை என்று சொல்ல மாட்டேன். கப்பல் திரும்பிய மறுநாள், பனச்சமூடு பஸ் ஸ்டாப்பில் இறங்கி, என்னைப் பார்த்ததும் நின்றான். "அத்தானுக்கு உன்னைப் பாக்க இஷ்டமில்ல. வந்த பஸ்ஸிலயே போ" என்றேன். அத்தானிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நானாகச் சொன்னது அது. அவனும் ஒரு வார்த்தை மறுத்துப் பேசாமல் அதே பஸ்ஸில் ஏறிப் போனான். எனக்கு அன்றைக்கு வெகு திருப்தியாக இருந்தது.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் அவனோடு யாரும் பேசவில்லை. பாறசாலையில் அவன் அண்ணனைக் கைவிட்டவன். கோயிலில் அவன் உட்காரும் பெஞ்சில் மற்றவர்கள் நகர்ந்து உட்கார்ந்தார்கள். மார்த்தாண்டத்தில் பேசி வைத்திருந்த பெண் வீட்டார் ஒரு கார்டு போட்டு முடித்துக்கொண்டார்கள். கப்பலில் கதை வேறு. அங்கே எல்லோரும் மலையாளிகள். அவன் போராட்டக்காரனின் தம்பி. 'தமிழ்நாடு' என்று அவனுக்குப் பெயரே வைத்துவிட்டார்கள். அவன் உள்ளே வந்தால் பேச்சு நின்றுபோகும். நோட்டீஸ் கடத்துகிறானோ என்று அவனுடைய தகரப் பெட்டியை ஒருமுறை யாரோ திறந்து பார்த்திருக்கிறார்கள். இரண்டு பக்கத்துக்கும் ஆகாதவனாக, பாதி மாதம் கடலிலும் பாதி மாதம் காலி வீட்டிலும் இருந்தான்.

கப்பலில் அவனிடம் முகம் கொடுத்துப் பேசியவர் ஒருவர் உண்டு. விஞ்சு ஓட்டும் இக்னேஷியஸ், பொழியூர்க்காரர், பழைய கடலோடி. இனிச் சொல்வதில் பாதி அவர் எனக்குச் சொன்னது. மீதியைப் பல வருஷம் கழித்து வேதமணியே சொன்னான்.

இக்னேஷியஸ் கம்பியில் பித்தளைக் குப்பிகளைக் கட்டி இறக்குவார். ஆழம் சரியானதும் கம்பி வழியே ஒரு குண்டை விட்டால், அது போய் முட்டி, குப்பி கவிழ்ந்து, அந்த ஆழத்துத் தண்ணீரோடு மூடிக்கொள்ளும். மேலே வந்ததும் வேதமணி அதிலிருந்து ரப்பர் குழாய் வழியாகக் கண்ணாடிப் புட்டியின் அடிவரை தண்ணீரை விட்டு, ஒரு குமிழிகூட இல்லாமல் நிரம்பி வழியவிட்டு, உடனே அடைப்பான். காற்று பட்டால் அதிலுள்ள கரியமிலவாயு தண்ணீரில் சேர்ந்து கணக்கைக் கெடுத்துவிடும். இந்த விஷயத்தில் அவனைப் போல ஒழுங்கானவன் கிடையாது என்று இக்னேஷியஸ் சத்தியம் செய்வார்.

பிறகு ரசாயன அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வான். சாரல் தெறிக்கும் என்று ஜன்னலும் சாத்தியிருக்கும். கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் தண்ணீர் எடுத்து, அளந்து சாயத் துளி விட்டால் செவ்வூதா நிறம் வரும். வாயு அதிகமாக இருந்தால் ஊதா குறைந்து மஞ்சள் பக்கம் இறங்கும். நிறம் குறித்து அடைத்த குழாய்கள் ஒரு சட்டத்தில் வரிசையாக நிற்கும். எந்தக் குழாயோடு ஒத்துப்போகிறதோ அந்த எண்ணை எழுத வேண்டும். வேதமணிக்குக் கிட்டப்பார்வை. குழாயை மூக்குக்கு நேராகப் பிடித்து, மெல்லக் குலுக்கிக் குலுக்கிப் பார்ப்பான். அப்படிப் பார்த்துக்கொண்டே பேசுவான்.

அந்தக் கப்பலில் தமிழில் வாய் திறக்க வேறு இடம் இல்லை. அண்ணனிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொள்வான். முதலில் நாலைந்து வார்த்தைதான். நாளாக ஆக அது கூடிக்கொண்டே போயிற்று. சொல்லுவான், சரியில்லை என்று தோன்றும், மாற்றிச் சொல்லுவான். என்றைக்காவது ஒருநாள் அண்ணன் முன்னால் நின்று அதைச் சொல்லியாக வேண்டும், அதற்கு ஒரு வார்த்தை கூடவோ குறையவோ கூடாது என்பதைத் தவிர அவனுக்கு வாழ்க்கையில் வேறு எண்ணமே இல்லாமல் போயிருந்தது. ஒவ்வொரு குழாய்த் தண்ணீரும் அதைக் கேட்டது.

கப்பலின் விஞ்ஞானி டாக்டர் சதாசிவன் திருவனந்தபுரத்துக்காரர். யாரிடமும் வெறுப்பு இல்லாத மனிதர், எண்களைத் தவிர யாரிடமும் பிரியமும் இல்லாதவர். தென்மேற்குப் பருவத்தில் அடிக்கடல் தண்ணீர் மேலே ஏறி வருவதால், கரையோரக் கடல் கொஞ்சம் அமிலப் பக்கம் சாய்வது வழக்கம். பொழியூருக்கு நேரே வருஷம் முழுவதுமே அப்படிச் சாய்ந்திருக்கிறது என்று வேதமணியின் எண்கள் சொல்லின. டாக்டர் மகிழ்ந்துபோய், இதைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதிவிட்டார்.

அச்சுக்கு அனுப்பும் முன்பு, ஐம்பத்தாறு அக்டோபரில், எல்லாக் கணக்கையும் மறுபடி பார்த்தார். தண்ணீரின் காரம் அப்படியே இருந்தது. நிறம் மட்டும் இறங்கியிருந்தது. அடிக்கடல் தண்ணீர் என்றால் இரண்டுமே கொஞ்சம் மாறியிருக்க வேண்டும். இது தண்ணீர் கப்பலுக்கு மேலே வந்த பிறகு அதில் கரியமிலவாயு சேர்ந்த கணக்கு. இறங்கிய எண்களுக்குப் பக்கத்தில் எல்லாம் 'வே' என்று கையெழுத்து இருந்தது. மற்ற உதவியாளன் அளந்த நாட்களில் எல்லாம் சரியாக இருந்தது.

நடுக்கடலில் அவனைக் கூப்பிட்டு, புட்டிகளை மூடாமல் போட்டுவிட்டுத் தூங்குகிறாயா என்று டாக்டர் மலையாளத்தில் கேட்டார். கரைக்குப் போனதும் வேலையிலிருந்து நீக்க எழுதப் போவதாகவும் சொன்னார். வேதமணி தலையைக் குனிந்துகொண்டு நின்றான். விஞ்சுப் பக்கமிருந்து இக்னேஷியஸ் வந்தார்.

"சார், இவன் மூடாம வைக்கிறவன் இல்ல. இவன் அதுக்கிட்ட பேசுவான். நான் நிதமும் கேக்கேன்."

"யாரிடம்?"

"தண்ணிக்கிட்ட சார். குழாயை வாய்க்கு நேரா பிடிச்சுக்கிட்டு ஓயாமப் பேச்சாக்கும்."

வேறொருவர் சிரித்திருப்பார். டாக்டர் சிரிக்கவில்லை, வாயிலிருந்து வரும் மூச்சிலும் கரியமிலவாயு உண்டு என்பது அவருக்கு உறைத்தது. ஒரே புட்டியிலிருந்து இரண்டு குழாய் எடுத்து, இரண்டிலும் சாயம் விட்டு, ஒன்றைச் சட்டத்தில் அடைத்து வைத்தார். மற்றதை வேதமணியின் கையில் கொடுத்தார். வழக்கமாக என்ன பேசுவாயோ அதைப் பேசு, வழக்கமாக எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம் பேசு என்றார்.

அவன் மறுத்திருக்கலாம். மறுத்தால் வேலை போகும். அந்த வேலைக்காகத்தானே அண்ணனையே விட்டான். குழாயை மூக்குக்கு நேரே பிடித்து, குலுக்கிக்கொண்டே, இரண்டு பேர் முன்னால் மெதுவாகச் சொன்னான்.

"அண்ணே, கப்பல் போகுதுன்னு மைனிக்கிட்ட சொன்னது பொய் இல்ல. ஆனா கப்பல் இல்லேன்னாலும் நான் வந்திருக்க மாட்டேன். எனக்குப் பயம். கையெழுத்துப் போட்டா எனக்க வேலையும் போவும்னு பயம். கப்பல் ஒரு சாக்காக்கும். கொச்சியில கிடந்த அத்தனை நாளும் காத்து அடங்கிரக் கூடாதுன்னு ஜெபம் பண்ணினேன். உனக்க முகத்தைப் பாக்கப் பயந்து பண்ணினேன்..."

இப்படியே போயிற்று. இக்னேஷியஸ் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். டாக்டருக்குத் தமிழ் பாதிதான் புரியும். அவர் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊதா மங்கி, சிவந்து, மஞ்சள் பக்கம் வந்து நின்றது. அடைத்து வைத்த குழாய் அப்படியே இருந்தது.

டாக்டர் நோட்டை எடுத்து, இரண்டு வருஷத்து 'வே' எண்களின் மேல் சிவப்பு மையால் ஒவ்வொரு கோடாக இழுத்தார். கட்டுரையைக் கிழித்துக் கடலில் போட்டார். அவனை வேலையை விட்டு நீக்கவில்லை. இனி வாயில் துணி கட்டிக்கொண்டுதான் அந்த அறைக்குள் போக வேண்டும், ஒரு வார்த்தை பேசக் கூடாது என்றார். அவனுடைய இரண்டு வருஷத்து உழைப்பில் மிச்சம் அந்தச் சிவப்புக் கோடுகள்தான். பேசுவதற்கு இருந்த ஒரே இடமும் போயிற்று.

சாயங்காலம் இக்னேஷியஸ் அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "எலே மக்கா, ரெண்டு வருஷமா இதைத் தண்ணிக்கிட்ட சொன்னியே, என்ன பிரயோஜனம்? உனக்க அண்ணன் பனச்சமூட்டிலேல்லா இருக்கான்."

நவம்பர் ஒன்றாம் தேதி எல்லை பிரிந்தது. விளவங்கோடு தமிழகத்துக்குப் போயிற்று. நெய்யாற்றின்கரையும் பாறசாலையும் பனச்சமூடும் கேரளத்தில் நின்றுவிட்டன. நாங்கள் தோற்றவர்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை பகல் பதினோரு மணிக்கு, இருந்த எரிச்சல் போதாதென்று, வேதமணி எங்கள் தெருவில் நடந்து வருவதைப் பார்த்தேன். தடுக்க எழுந்தேன். அதற்குள் அத்தான் வீட்டு வாசலில் ஏறிவிட்டான். நானும் பின்னாலேயே போனேன்.

அத்தான் மெஷினில் குனிந்திருந்தார். நிழல் விழுந்ததும் நிமிர்ந்தார், மிதிப்பதை நிறுத்தினார். வேதமணி முற்றத்தில் நின்றபடி, கைகளைக் கட்டிக்கொண்டு, அந்தத் தாழ்ந்த குரலில் சொல்லத் தொடங்கினான். ஒரு வார்த்தை பிசகவில்லை. கப்பல், பயம், கொச்சி, ஜெபம் எல்லாம் சொன்னான். சொல்லி முடித்ததும் அவனுக்கு மூச்சு வாங்கியது. அத்தான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்காள்தான் உள்ளேயிருந்து வந்து சொன்னாள். "தம்பி, அவருக்குக் கேக்காது. லாக்கப்பில ரெண்டு காதையும் சேத்து அடிச்சதில போச்சு. சத்தமாப் பேசணும்."

வேதமணி அவளைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். இரண்டு வருஷம். இதை அவனிடம் சொல்ல ஒருவருக்கும் வாய் இருந்ததில்லை. என்னைத்தான் சொல்கிறேன்.

சேர்த்து வைத்திருந்த பேச்சில் எதையும் சத்தமாகச் சொல்ல முடியாது. அது அதற்கான பேச்சு இல்லை. அவன் அத்தானுக்குப் பக்கத்தில் போய், அந்த மனிதனுக்குள் இருக்கும் என்று நான் நினைத்தே பார்க்காத குரலில் கத்தினான்.

"கப்பல் இல்லேன்னாலும் நான் வந்திருக்க மாட்டேன் அண்ணே. எனக்குப் பயம்."

பக்கத்து வீட்டுக்காரர்கள் வெளியே வந்தார்கள். தெருவில் போனவர்கள் நின்றார்கள். அத்தான் மெஷினில் கை வைத்துக்கொண்டு, காது கேளாதவர்கள் பேசுவது போல உரக்கப் பேசினார்.

"அண்ணைக்கு நீ வந்தாலும் அவனுவ விட்டிருக்க மாட்டானுவ. அது எனக்குத் தெரியும். நான் நோக்கி இருந்தது கையெழுத்தை இல்ல, உன்னையாக்கும்." மெஷினிலிருந்து கையை எடுத்தார். "பிறவு இந்த ரெண்டு வருஷம்? ஒருக்கா இஞ்ச வரணும்னு உனக்குத் தோணல்லியா?"

வேதமணி என்னைப் பார்த்தான். நான் நடையில் நின்றுகொண்டிருந்தேன். பஸ் ஸ்டாப்பில் நான் திருப்பி அனுப்பியதை அவன் சொல்லட்டும், சொல்லித் தொலைக்கட்டும் என்றுதான் இருந்தது.

அவன் அண்ணன் பக்கம் திரும்பி, தெரு முழுக்கக் கேட்கும்படி, "தோணல்ல அண்ணே" என்று கத்தினான்.

அத்தான் தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் துணியைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கும் திறக்கவில்லை, அத்தான் சாகும் வரைக்கும் திறக்கவில்லை.