நெல் களத்தில் பார்த்த குவேசார்

அப்பா இறந்து பதினான்காம் நாள், தொலைநோக்கியின் தரவு தயாராகிவிட்டதாக மின்னஞ்சல் வந்தது. அப்போது நான் ஒரத்தநாட்டுக்குப் பக்கத்தில், எங்கள் ஊர் நெல் கொள்முதல் நிலையத்தின் களத்தில் உட்கார்ந்திருந்தேன். எதிரே எங்கள் நெல். அப்பா நட்ட குறுவை, அறுத்தது அண்ணன். ஈரம் அதிகமாக இருக்கிறது, காயவைத்துக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

"நீ சும்மாதான இருக்க, நெல்லப் பாத்துக்க. நான் காரியத்துக்குச் சமையலுக்குச் சொல்லிட்டு வந்துர்றேன்" என்று அண்ணன் வண்டியை எடுத்துக்கொண்டு போனான்.

சும்மாதான் இருந்தேன். அழவில்லை. அவ்வப்போது எழுந்து, பரப்பிய நெல்லைக் காலால் துழாவிவிட்டு வந்தேன்.

பெங்களூரில் குவேசார்களை ஆராய்வது என் வேலை. வெகுதொலைவில் உள்ள ஒரு விண்மீன் மண்டலத்தின் நடுவே பெரிய கருந்துளை இருக்கும். அதில் விழப்போகும் வாயு சூடேறி, மண்டலத்தின் மொத்த விண்மீன்களையும் மிஞ்சிப் பிரகாசிக்கும், அதுதான் குவேசார். அந்த வாயுவில் கொஞ்சம் உள்ளே விழாமல், நினைத்துப் பார்க்க முடியாத வேகத்தில் காற்றாக வெளியே வீசும். காற்று கண்ணுக்குத் தெரியாது. குவேசாரின் எக்ஸ்ரே ஒளியைக் கோடாக வரைந்த வரைபடத்தில், இரும்பு அணுக்கள் ஒளியை விழுங்கிய இடத்தில் ஒரு சிறு பள்ளம் மட்டும் தெரியும். பழைய தரவு ஒன்றில் அப்படியொரு பள்ளத்தை நான் கண்டுபிடித்திருந்தேன். அதை உறுதிசெய்ய விண்வெளித் தொலைநோக்கியில் நேரம் கேட்டேன். முதல் முறை மறுத்தார்கள், அடுத்த முறை கொடுத்தார்கள். தொலைநோக்கி அந்தப் பக்கம் திரும்பிய பகலில், ஆண்கள் அப்பாவைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். நான் வீட்டைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தேன்.

மடித்துப்போட்ட சாக்கின்மேல் லேப்டாப்பை வைத்து, போனிலிருந்து இணையம் எடுத்துத் தரவை இறக்கினேன். வரைபடம் வந்தது. பள்ளம் இருக்க வேண்டிய இடத்தில் கோடு நேராகப் போனது. சுற்றியுள்ள வானத்தின் பின்னணி ஒளியைக் கழித்து மறுபடி போட்டேன். அப்போதும் நேர்கோடுதான்.

பக்கத்து நெல்லுக்குக் காவலிருந்த ஓர் அம்மாள் எட்டிப் பார்த்தார். எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு.

"என்னம்மா அது, ஈசிஜியா?"

"இல்லங்கம்மா. ரொம்ப தூரத்துல அடிக்கிற ஒரு காத்து. போன தடவ இருந்துச்சு, இப்பக் காணோம்."

"நின்னுபோச்சா?"

"நின்னுருக்கலாம். இல்ல, நான்தான் முதல்லயே தப்பாப் பாத்துருக்கலாம்."

அவர் மேலே பார்த்தார். "இங்க மழ வரப்போவுது, எழுந்திரு."

இருவரும் ஓடி ஓடி இரண்டு வீட்டு நெல்லையும் தனித்தனியாகக் கூட்டிக் குவித்துத் தார்ப்பாய் போட்டு, ஓரத்தில் செங்கல் வைத்தோம். முடிக்கும்போதே நனைந்துவிட்டோம். தகரக் கொட்டகைக்குள் நின்றபோது அவர் கேட்டார்:

"அப்பாவுக்கு நீ அழுவவே இல்லன்னு பேசிக்கிறாங்களே?"

"ஆமாங்கம்மா. வரல."

"எங்க வீட்டுக்காரரு போனப்ப நான் மூணு வேளையும் நல்லாத் தின்னேன். அதுக்கும் பேசுனாங்க." சொல்லிவிட்டுச் சேலைத் தலைப்பைப் பிழிந்தார். ஆறுதலாக ஏதும் சேர்க்கவில்லை. அது எனக்குப் போதுமாக இருந்தது.

கொட்டகையிலேயே நின்று, என்னோடு வேலை செய்கிறவர்களுக்கு ஒரே வரி எழுதினேன்: காற்று இல்லை. மூன்று வருட வேலை. பயமோ ஏமாற்றமோ வரும் என்று காத்திருந்தேன். தகரத்தில் மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

இரண்டு நாள் வெயிலில் காய்ந்தபிறகு நெல்லை எடுத்துக்கொண்டார்கள். காரியம் முடிந்து பெங்களூர் திரும்பினேன். இல்லாத காற்றைப் பற்றியே கட்டுரை எழுதினோம். இவ்வகைக் காற்று விட்டுவிட்டு வீசக்கூடும் என்பதால் மறுபடி நேரம் கொடுத்தார்கள். அந்தத் தரவில் பள்ளம் இருந்தது, முன்னைவிட ஆழமாக. கூட இருந்தவர்கள் கைதட்டினார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

அன்று மாலை அண்ணனிடம் போனில் சொன்னேன்.

"நல்லது" என்றான். பிறகு, "அப்பா திதிக்கு வர்றல்ல?" என்றான்.

"டிக்கெட் போட்டுட்டேன்" என்றேன்.