தோற்கிற அணியைப் பார்க்க ஒட்டாவாவுக்குத் தனியே போனேன்

ஸ்காபரோவிலிருந்து ஒட்டாவாவுக்கு ஐஸ் ஹொக்கி பார்க்கப் போவது எப்படி என்று போன மாதம் இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். கார் இல்லாமல், தனியாக, குளிர்காலத்தில். மூன்றையும் ஒன்றாகச் செய்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். நான் சொல்லப்போவது தொண்ணூறுகளின் தொடக்கத்தில் போன பயணம். ஒட்டாவாவின் புதிய தொழில்முறை அணிக்கு அது இரண்டாவது பருவம். நெடுஞ்சாலை இன்றும் அதேதான், குளிரும் அதேதான்.

அப்போது நான் மோர்னிங்சைட்டில் அண்ணையின் குடும்பத்தோடு ஓர் அபார்ட்மெண்டில் இருந்தேன். கணவர் ஊரிலேயே இறந்துவிட்டார். எனக்கு வயது முப்பத்திரண்டு. பிளாஸ்டிக் மூடி செய்யும் தொழிற்சாலையில் வேலை. அங்கே சாப்பாட்டறைத் தொலைக்காட்சியில் எந்நேரமும் ஹொக்கிதான். எல்லோரும் டொராண்டோவின் பழைய அணிக்குக் கத்தினார்கள். நான் ஒட்டாவாவைப் பிடித்துக்கொண்டேன். மற்ற அணிகள் வைத்துக்கொள்ள விரும்பாத ஆட்டக்காரர்களைச் சேர்த்துக் கட்டிய அணி அது. முதல் பருவத்தில் தோற்றுக்கொண்டே இருந்தது. தோற்ற மறுநாள் ஆட்கள் வலை காக்கும் கோலியைத் திட்டுவார்கள், பயிற்சியாளரைத் திட்டுவார்கள். பார்க்க வந்த பெண்ணை ஒருவரும் திட்டவில்லை. அது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

ஏன் பிடித்தது என்று சொல்ல, முதல் பருவத்தில் ஒட்டாவாவுக்குப் போன பயணத்தைச் சொல்ல வேண்டும். அண்ணையின் சிநேகிதர் சிவம் அண்ணையிடம் ஒரு வான் வண்டி இருந்தது. அண்ணையும் சேர்த்து ஐந்து ஆண்கள் ஒட்டாவாவுக்கு ஆட்டம் பார்க்கப் புறப்பட்டார்கள். நானும் வருவேன் என்று விடாப்பிடியாக நின்று ஏறிவிட்டேன். யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு முழுவியளம், அதாவது சகுனம், முக்கியம். புறப்படும்போது எதிரே வருகிறவர் நல்ல முழுவியளமாக இருந்தால் போன காரியம் நடக்கும். கைம்பெண் எதிரே வரக்கூடாது. நானோ வானுக்குள்ளேயே இருக்கிறேன். இதற்கு என்ன பரிகாரம்? என்னை முதலில் ஏற்றிக் கடைசி இருக்கையில் உட்கார வைத்துவிட்டு, மச்சாளைக் கீழே வரச் சொன்னார்கள். அண்ணையின் மனைவி அவள்; நாங்கள் ஒருவரையொருவர் மச்சாள் என்றே கூப்பிடுவோம். தாலிக்கொடி வெளியே தெரிய ஜாக்கெட்டின் சிப்பைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, கும்பத்துக்குப் பதிலாக நான்கு லீற்றர் பால் பையை ஏந்திக்கொண்டு, கார் தரிப்பிடத்துப் பனியில் வழுக்கி வழுக்கி வானுக்கு முன்னால் குறுக்கே நடந்தாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

மூன்றாவது, அதாவது கடைசி பீரியட் வரை முன்னால் நின்ற எங்கள் அணி தோற்றது. திரும்பும் வழியில் கிங்ஸ்டனில் கோப்பிக்கு நிறுத்தியபோது சிவம் அண்ணை எனக்குக் கேட்கவே சொன்னார்:

"வெண்டுகொண்டு நிண்டவங்கள். ஆளைப் பாத்துக் கூட்டிக்கொண்டு வந்திருக்கோணும்."

"சிவம் அண்ணை, உவங்கள் இந்த வருசம் தோத்த எல்லா மட்சுக்கும் நானே போனனான்?" என்று கேட்டேன்.

அண்ணை கோப்பிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிவம் அண்ணை சொன்னதைவிட அண்ணை பேசாமல் இருந்தது என்னைச் சுட்டது.

அடுத்த குளிர்காலம் மச்சாளின் தங்கை மில்லிக்கனில் வீடு வாங்கினாள். ஞாயிறு விடிய பால் காய்ச்சிக் குடிபுகுதல். "நீங்கள் ஆறுதலா மத்தியானம் சாப்பாட்டுக்கு வாங்கோ மச்சாள்," என்றாள் மச்சாள், என் முகத்தைப் பார்க்காமல். அதே ஞாயிறு பிற்பகல் ஒட்டாவாவில் ஆட்டம். மச்சாள் அதைச் சொன்ன அன்றே தொலைபேசியில் ஒரு டிக்கெட் பதிந்தேன்.

கோபத்தில் போனேன் என்று நினைக்காதீர்கள். கோபம் இருந்தது, ஆனால் அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அவர்கள் சொல்வதை நானும் பாதி நம்பத் தொடங்கியிருந்தேன். தொழிற்சாலையில் இயந்திரம் நின்றால்கூட, அன்று காலை நான் அதன் பக்கம் போனேனா என்று யோசிக்கும் நிலைக்கு வந்திருந்தேன். இது உண்மையா என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. முடிவு எதுவானாலும் கடைசி மணி வரை அந்த இருக்கையில் இருப்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இனிப் பயணம். சனி காலை மோர்னிங்சைட் பஸ் எடுத்துக் கென்னடி, அங்கிருந்து சப்வேயில் டண்டாஸ். வாசலிலிருந்து நகர மையத்துப் பேருந்து நிலையத்துக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். பனி கொட்டினால் இரண்டு. ஒன்பதரைக்குப் பஸ். ஒட்டாவா ஏறத்தாழ நானூற்றைம்பது கிலோமீற்றர், ஐந்தரை மணி நேரம். வலப்பக்க ஜன்னலைப் பிடித்தால் போகும்போது ஏரி அவ்வப்போது தெரியும். கட்டிக்கொண்டு போன ரொட்டியும் சம்பலும் ஏறி ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டன. சம்பலைத் திறந்ததும் முன்னிருக்கைக்காரர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். நான் ஒரு ரொட்டியை நீட்டினேன். வாங்கிக்கொண்டார்; பிறகு கிங்ஸ்டன் வரை தண்ணீர் குடித்துக்கொண்டே வந்தார்.

ஒட்டாவா டொராண்டோவைவிடக் குளிர். இதை எல்லோரும் சொல்வார்கள், நாம் நம்புவதில்லை. மூக்குக்குள் மயிர் உறையும் குளிர் அது. நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மலிவான விடுதியில் தங்கினேன். கனடாவுக்கு வந்து ஓர் இரவு தனியறையில் தூங்கியது அன்றுதான். பிள்ளைகளின் சத்தம் இல்லை, மச்சாளின் பாத்திரச் சத்தம் இல்லை. விடியும்வரை நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் பாங்க் வீதி வழியே தெற்கே நடந்தேன். அரை மணி நேர நடை. அரங்கு அப்போது காற்பந்து மைதானத்தின் படிவரிசைகளுக்கு அடியில் இருந்தது. அதனால் ஒரு பக்கக் கூரை சரிந்து தலைக்கு மேலே இறங்கும். சின்ன இடம், ஆட்டக்காரர்கள் பலகையில் மோதும் சத்தம் நெஞ்சுக்குள் கேட்கும்.

என் பக்கத்து இருக்கையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு வெள்ளைக்காரப் பெண். முதல் பருவத்திலிருந்தே எல்லா ஆட்டத்துக்கும் சீட்டு வாங்கியவள். அவள் போட்டிருந்த அணிச்சட்டையில் ஒரு வாடை வந்தது. நான் கேட்காமலே சொன்னாள், அணி வென்றால்தான் அதைத் தோய்ப்பாளாம். இவர்களிடமும் சகுனம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது பீரியட் பாதியில் எங்கள் அணி ஒரு கோல் முன்னால் நின்றது. போன வருடமும் இப்படித்தான் நின்றார்கள். இருப்பேன் என்று சொன்னவள் நான்தான். ஆனால் எழுந்தேன். "மன்னிக்கவும், மன்னிக்கவும்" என்று முழங்கால்களைத் தாண்டி, படியேறி, சோளப்பொரி விற்கும் நடைவழிக்குப் போய்ச் சுவரோடு நின்றேன். நான் இல்லாவிட்டால் வெல்வார்கள். சிவம் அண்ணை சொல்லவில்லை, மச்சாள் சொல்லவில்லை. என்னை நானே வெளியே அனுப்பினேன்.

உள்ளே திடீரென்று சத்தம் அடங்கியது. சொந்த ஊர் அரங்கு அப்படி அடங்கினால் ஒரு பொருள்தான். எதிரணி கோல் போட்டுச் சமன் செய்துவிட்டது. நான் சுவரோடு நின்ற நேரத்தில்தான் போட்டார்கள்.

எனக்கு வாய்விட்டுச் சிரிப்பு வந்தது. சோளப்பொரி விற்ற பெடியன் ஏதோ பைத்தியம் என்று பார்த்தான். பார்க்கட்டும். இவ்வளவு தூரம் வந்து, ஒரு நல்ல இருக்கையை விட்டுவிட்டு, ஒரு சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்! திரும்பிப் போய் உட்கார்ந்தேன்.

"எங்கே போனாய்?" என்று பக்கத்து இருக்கைக்காரி கேட்டாள்.

என் அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னேன்: "நான் இருந்தால் தோற்பார்கள் என்று போனேன்."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "போன பருவம் முழுக்க நான் இங்கே இருந்தேன். அவ்வளவு தோல்வியும் என்னாலா?" என்றாள். கிங்ஸ்டனில் நான் சிவம் அண்ணையைக் கேட்ட அதே கேள்வி. அன்று கேட்டேனே தவிர, அதற்கான பதிலை நான் எனக்குக் கொடுக்கவே இல்லை.

முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது வலைக்கு முன்னால் ஒரு நெரிசல். ஒருவன் விழுந்தபடியே தடியால் தட்டினான், வட்டு உள்ளே போனது. பக்கத்துப் பெண் என்னைக் கட்டிப்பிடித்தாள். சட்டை வாடையையும் பொறுத்துக்கொண்டு நானும் கட்டிப்பிடித்தேன். வென்றார்கள்.

போக நினைப்பவர்களுக்குச் சில. அணி இப்போது அந்தப் பழைய அரங்கில் ஆடுவதில்லை. மேற்கே நகருக்கு வெளியே பெரிய அரங்குக்குப் போய்ப் பல காலம். பஸ்ஸில் போனால் ஆட்டத்துக்கு முதல் நாளே போய்விடுங்கள். அதே நாளில் போக நினைத்தால் பனி உங்களைக் கோமாளியாக்கும். இரட்டைக் காலுறை கட்டாயம். அரங்குக்குள் வெளிச் சாப்பாடு விடமாட்டார்கள், ரொட்டியை வழியிலேயே முடித்துவிடுங்கள். பெண்கள் தனியாகப் போகலாமா என்று ஒருத்தி கேட்டிருந்தாள். தாராளமாகப் போகலாம். விடுதி நிலையத்துக்கு நடக்கும் தூரத்தில் இருக்கட்டும்.

ஞாயிறு இரவு பஸ்ஸிலேயே திரும்பிவிட்டேன். திங்கள் பின்னேரம் வேலையால் வந்தபோது வீட்டில் அண்ணையும் சிவம் அண்ணையும் குடிபுகுதல் பலகாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"வெண்டிட்டாங்களாமே! நீ நேரிலை பாத்தனியோ?" என்று அண்ணை துள்ளினார்.

"அப்ப அடுத்த முறை எங்களோடை வாங்கோ தங்கச்சி," என்றார் சிவம் அண்ணை. "உங்கடை ராசி நல்லாத்தான் இருக்கு. முன்னுக்கே இருத்துறன்."

நெடுநாளாக நான் கேட்க ஆசைப்பட்ட சொல். ஓம் என்று தலையாட்டியிருந்தால் குடிபுகுதல், கலியாணம், சாமத்தியவீடு எல்லாவற்றிலும் எனக்கு முன்வரிசை கிடைத்திருக்கும், அடுத்த தோல்வி வரைக்கும்.

"வெண்டது அவங்கள், சிவம் அண்ணை. நான் டிக்கெட் எடுத்து இருந்து பாத்தனான், அவ்வளவுதான். ராசி பாத்து ஆள் ஏத்திற வானிலை நான் ஏற மாட்டன்."

அவர் பலகாரத்தைப் பார்த்தார். இம்முறை அண்ணை பேசினார்: "அவள் சொல்லுறது சரிதான், சிவம்."

நான் குசினிக்குள் போனேன். மச்சாள் கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள். கழுவிய கோப்பையையே திரும்பவும் கழுவினாள். பிறகு, "என்னையும் ஒருக்காக் கூட்டிக்கொண்டு போவியளே?" என்று மெல்லக் கேட்டாள்.

மார்ச் மாதத்தில் இருவரும் பஸ்ஸில் போனோம். எங்கள் அணி படுமோசமாகத் தோற்றது. பாதியில் சனம் எழுந்து போகத் தொடங்கியது. "போவமே?" என்று கேட்டேன். மச்சாள் தன் ஜாக்கெட்டைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டு, "இருங்கோ மச்சாள், முடியட்டும்," என்றாள்.