அக்காவுக்கு வந்த வாசனை

அந்த ஊரில் டீசல் வண்டி வைத்திருந்தவர்களுக்கெல்லாம் அவர் பெயர் மூக்கு. பெற்றவர்கள் வைத்த பெயர் டிரைவிங் லைசென்ஸில் பத்திரமாக இருந்தது, யாரும் அதைத் தொந்தரவு செய்யவில்லை. வண்டி பக்கத்தில் வந்து நின்றால் போதும், பானெட்டைத் திறக்காமலே "பெல்ட் தேயுது", "ஆயில் எங்கயோ சொட்டுது" என்று சொல்லிவிடுவார். மண்டை காய்ந்துபோன நாட்களில் மெக்கானிக்கே ஆளனுப்பி அவரைக் கூப்பிடுவான். வந்து மூச்சை ஒரு இழுப்பு இழுத்து, தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போவார். முக்கால்வாசி சரியாக இருக்கும். மீதிக் கால்வாசியை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை, அவர் உட்பட.

அவருடையது கிழட்டு டீசல் கார். வாடகைக்கு ஓட்டினார். வெயிலில் மேடு ஏறினால் சூடு காட்டும் முள் மேலே போகும். உடனே பின்சீட்டிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்து, "ஏங்க, சூடாகுதே?" என்று கேட்கும். இந்த நச்சரிப்பு தாங்காமல் ஒருநாள் அந்த மீட்டரையே பிடுங்கிப் போட்டுவிட்டார். "முள்ளு பொய் சொல்லும், என் மூக்கு சொல்லாது" என்று மெக்கானிக்கிடம் பீற்றிக்கொண்டார். அதில் கொஞ்சம் நியாயமும் இருந்தது. இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் கசிந்தால் சர்க்கரைப் பாகு காய்ச்சுவது போல ஒரு தித்திப்பு வாசனை வரும். அது வந்ததும் ஓரங்கட்டி, இன்ஜினை ஆறவிட்டு, குழாயை இறுக்கி, குறைந்ததை ஊற்றிக்கொண்டு கிளம்புவார். வண்டியும் அவரும் அப்படியே காலத்தை ஓட்டினார்கள்.

பிறகு ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது மோப்பத்தையும் கூடவே கூட்டிக்கொண்டு போய்விட்டது. முதலில் சளி என்று நினைத்தார். சளி போயும் மூக்கு திரும்பவில்லை. அடுப்பில் பால் பொங்கித் தீய்ந்து, மனைவி மாடியிலிருந்து ஓடி வந்தபோது, அவர் அடுப்புக்கு எதிரிலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"வீடே நாறுது, உங்களுக்குத் தெரியலையா?"

"படிச்சிட்டிருந்தேன்."

தனியாக இருக்கும்போது சோப்பை முகர்ந்து பார்த்தார், டீசல் கேனை முகர்ந்து பார்த்தார், தன் வியர்வைச் சட்டையையும் விடவில்லை. எல்லாம் ஒன்றுபோல் சும்மா இருந்தன. யாரிடமும் மூச்சுவிடவில்லை. மூக்கு என்று ஊரில் பெயர் வாங்கியவன், மோப்பம் போச்சு என்று எந்த முகத்தோடு சொல்வது? மீட்டரைத் திரும்பப் போட்டிருக்கலாம். ஆனால் மெக்கானிக் "ஏண்ணே, இப்ப என்ன திடீர்னு?" என்று கேட்பான். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து போடாமலே ஓட்டினார். மனுஷன் எதெதற்கோ பயப்படுகிறான், பயப்பட வேண்டியதற்கு மட்டும் தைரியமாக இருந்துவிடுகிறான்.

அவருடைய அக்கா இரண்டு தெரு தள்ளி ஒற்றை அறையில் தனியாக இருந்தாள். அம்மா போன பிறகு அவரைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கூடம் அனுப்பியவள் அவள்தான். இப்போது அவளுக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுவிட்டன. வாரம் மூன்று முறை, மேட்டுச் சாலையைத் தாண்டியிருந்த பெரிய ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். ஒரு முறை தவறினாலும் உடம்பில் தண்ணீர் சேர்ந்து நெஞ்சை அடைக்கும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். "என் வண்டி இருக்கிறவரைக்கும் நீ பஸ் ஏற வேண்டாம்கா" என்று இவர் வாக்குக் கொடுத்திருந்தார். அந்தக் காலைகளில் வேறு சவாரி எடுக்க மாட்டார். அக்கா முன்சீட்டில்தான் உட்காருவாள். தம்பி ஓட்டுவதைப் பார்த்துக்கொண்டே வருவது அவளுக்குப் பிடிக்கும்.

அன்று கிளம்பும்போதே முன்கண்ணாடி உள்பக்கம் மங்கியது. பனி என்று சொல்லித் துணியால் துடைத்தார். துடைத்த இடம் பிசுபிசுத்தது. மேடு தொடங்குகிற இடத்தில் அக்கா மூக்கைச் சுளித்தாள்.

"பாகு காய்ச்சுற மாதிரி ஒரு வாசனை வருதுடா."

அது என்ன வாசனை என்று அவரைவிட யாருக்குத் தெரியும்? ஆனால் இப்போது நிறுத்தினால், அக்காவுக்கு வந்தது உனக்கு ஏன் வரவில்லை என்ற கேள்வி வரும். மேட்டு உச்சியில் ஒரு டீக்கடை உண்டு, அங்கே நிறுத்தி அவளுக்குத் தெரியாமல் ஊற்றிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டார்.

"பக்கத்துல பிஸ்கட் கம்பெனி வந்திருக்குக்கா."

"இங்கயா? நான் பார்த்ததே இல்லையே."

"எனக்குத் தெரியாதாக்கா?"

"ஆமா, உனக்குத் தெரியாததா" என்று அவள் சாய்ந்துகொண்டாள். அதில் கேலி இல்லை. முழுசாக நம்பினாள்.

பாதி மேட்டில் இழுவை குறைந்தது. இன்ஜின் உள்ளே ஏதோ தட்டியது. பானெட் இடுக்கிலிருந்து ஆவி கிளம்பி, வண்டி ஒரு குலுக்கலோடு நின்றது.

கொதித்த இன்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றாதே, ஆறட்டும் என்று ஊருக்கே சொன்னவர் அவர். ஊருக்குத்தானே உபதேசம். உள்ளே அக்கா நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் அவள் முறை நெருங்கிக்கொண்டிருந்தது. துணியைப் போட்டு ரேடியேட்டர் மூடியைத் திறந்து, கையைச் சுட்டுக்கொண்டு, கேன் தண்ணீரை அப்படியே கவிழ்த்தார். உள்ளே டக்கென்று ஒரு சத்தம். காது நன்றாகத்தான் இருந்தது, இனி இந்த வண்டி ஓடாது என்று தெரிந்துவிட்டது.

கைகாட்டிய வண்டிகள் போய்க்கொண்டே இருந்தன. கடைசியில் ஒரு காய்கறி வேன்காரர் இரக்கப்பட்டு ஏற்றிக்கொண்டார். போய்ச் சேர்ந்தபோது அக்காவின் மெஷினில் வேறொருவர் படுத்திருந்தார். காத்திருந்த பெஞ்சிலேயே அவளுக்கு மூச்சு திணறியது. அவசரப் பிரிவுக்கு ஓடினார்கள். உயிரைப் பிடித்து நிறுத்திவிட்டார்கள். ஆனால் இதயம் ரொம்பத் தளர்ந்துவிட்டது, இனி வீட்டுக்கு அனுப்புவது கஷ்டம் என்றார் டாக்டர்.

வார்டு வராந்தாவில் நின்றபோது, மேட்டில் விட்ட வண்டியைப் போய்ப் பார்த்துவிட்டு மெக்கானிக் போன் செய்தான்.

"இன்ஜின் ஹெட்டு வெடிச்சிருச்சுண்ணே. இனிமே இரும்பு விலைக்குத்தான். ஹீட்டர் குழாய் கசிஞ்சு காருக்குள்ளயே ஒழுகியிருக்கு. அதெப்படிண்ணே உங்க மூக்குக்குத் தப்பிச்சுது?"

அவர் போனை வைத்துவிட்டு உள்ளே போனார். அக்கா விழித்திருந்தாள். ஆக்சிஜன் மாஸ்க்கைக் கொஞ்சம் கீழே இறக்கினாள்.

"அது பிஸ்கட் கம்பெனி இல்லதானே?"

"இல்லக்கா."

"அப்புறம் ஏண்டா அப்படிச் சொன்னே?"

"எனக்கு வாசனையே தெரியாதுக்கா. அந்தக் காய்ச்சல்ல போனது."

அவள் மூச்சுக்குக் காத்திருந்து பேசினாள்.

"என்கிட்ட சொல்றதுக்கு என்னடா? பக்கத்துலயேதானே உக்காந்திருந்தேன். நான் மோந்து சொல்லியிருக்க மாட்டேனா?"

அவருக்கு அழுகை வந்தது. மாஸ்க்கைச் சரிசெய்யக் கையை நீட்டினார். அவள் அந்தக் கையை விலக்கிவிட்டு, தானே மாட்டிக்கொண்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.