முள் இறங்கியபோது

தொண்ணூற்றாறாம் வருடம், மழைக்காலம். அப்போது பெங்களூர் பிரேசர் டவுனில் குடியிருந்தோம். அல்சூரில் கார் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த என் அண்ணன், ஊருக்கு வெளியே ஏரியில் படகு விடுகிற ஒருவருக்காகப் பழைய கார் இன்ஜினைப் பொருத்தி ஒரு ஜெட் படகு செய்திருந்தான். தன்னால் முடியாத வேலையே கிடையாது என்று நம்புகிற ஆள். சோதனை ஓட்டத்துக்கு என்னையும் என் சின்ன மகளையும் அழைத்துப் போனான். எங்கள் யாருக்கும் நீச்சல் தெரியாது. மகளுக்கு மட்டும் ஒரு லாரி டியூபை மாட்டிவிட்டோம்.

ஏரித் தண்ணீரையே குழாயில் இழுத்து இன்ஜினைக் குளிர்விக்கிற ஏற்பாடு. சூட்டைக் காட்டும் மீட்டரைப் பார்த்துச் சொல்வது என் வேலை. சூடு ஏறினால் அண்ணன் வால்வைத் திறப்பான், ரொம்ப இறங்கினால் கொஞ்சம் மூடுவான்.

நடு ஏரியில் முள் ஏறத் தொடங்கியது. சொன்னேன், திறந்தான். மேலும் ஏறியது. முழுக்கத் திறந்தும் நிற்கவில்லை. பிறகு திடீரென்று முள் சரசரவென்று கீழே வந்தது. "இறங்கிடுச்சுண்ணா" என்றேன். அவனும் நிம்மதியாகி வால்வைக் கொஞ்சம் மூடினான்.

சற்று நேரத்தில் கருகிய வாடை. இன்ஜின் முனகி நின்றுவிட்டது. அண்ணன் மூடியைத் திறந்து பார்த்தான். அவன் முகம் வெளுத்து நான் பார்த்தது அன்றுதான்.

"உள்ள தண்ணியே இல்ல. தண்ணி இருந்தாதானே முள்ளு சூட்ட காட்டும்."

ஆகாயத்தாமரை வேர் போய்த் தண்ணீர்க் குழாயை அடைத்திருந்தது. ஜெட் படகில் பின்னால் பீறிடும் தண்ணீரைத் திருப்பித்தான் படகைத் திருப்ப முடியும். இன்ஜின் இல்லையென்றால் அது வெறும் தொட்டி. துடுப்பும் எடுத்து வரவில்லை. காற்று எங்களை, ஏரியின் மிகைநீர் வெளியேறும் கோடிப் பக்கம் தள்ளியது. நிரம்பிய ஏரி அங்கே பாறைமேல் வழிந்து விழும் சத்தம் நெருங்கிக்கொண்டே வந்தது.

வேரைப் பிடுங்கிவிட்டான். உடனே ஸ்டார்ட் பண்ணச் சொல்லிக் கெஞ்சினேன். "இப்ப பச்சத் தண்ணி பட்டா இன்ஜின் விரிசல் விட்டுடும். அப்புறம் ஒண்ணுமே கிடையாது. ஆறட்டும்" என்றான். இரும்பு டூல் பெட்டியைக் கயிற்றில் கட்டி நங்கூரம் போலத் தண்ணீரில் போட்டான். அது அடியில் உரசிக்கொண்டே வந்தது. மகளை மடியில் இறுக்கிக்கொண்டேன். டியூப் என் நெஞ்சை அழுத்தியது. "வீட்டுக்குப் போலாம் மாமா" என்றாள் அவள். கடைசியில் பெட்டி எதிலோ சிக்கி, கயிறு விறைத்து, படகு நின்றது.

அண்ணன் இன்ஜினைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். கை பொறுக்கும் சூடு வந்த பிறகுதான் சாவியைத் திருப்பினான். வால்வைத் துளித்துளியாகத் திறந்தான். மீட்டரை நான் பார்க்கவே இல்லை. இன்ஜினைச் சுற்றிவிட்டுத் தண்ணீர் வெளியே விழும் குழாயில் கையை நீட்டிக்கொண்டே இருந்தேன். வெதுவெதுப்பாக விரலில் பட்டபோது அழுதுவிட்டேன். கயிற்றை அறுத்துவிட்டுக் கரைக்குத் திரும்பினோம்.

மகள் இன்று வேலைக்குப் போகிறாள். என்னோடு சண்டை போட்டால் போடட்டும் என்று விட்டுவிடுவேன். கத்திக்கொண்டிருந்தவள் சட்டென்று அடங்கி "ஒண்ணுமில்லம்மா" என்று சொன்னால் மட்டும், அடுப்பை அணைத்துவிட்டுப் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன்.