பேர் சொன்னால்தான் சீட்டு

அறுபதுகளின் கடைசியில் காஞ்சிபுரத்து ஆஸ்பத்திரி ஒன்றின் கேஷுவாலிட்டி வாசலில் சீட்டு எழுதும் குமாஸ்தாவாக இருந்தேன். பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர் என்று நாலு கட்டமும் ரிஜிஸ்டரில் நிரம்பினால்தான் சீட்டு. சீட்டு இருந்தால்தான் டாக்டர் தொடுவார். எமனே வந்து நின்றிருந்தாலும் அவனிடமும் தகப்பன் பெயரைக் கேட்டிருப்பேன். உள்ளே டாக்டர் சும்மா உட்கார்ந்திருப்பார். வெளியே வரிசை வேப்பமரம் வரை நீளும். அதை என் கையெழுத்துக்குக் கிடைத்த மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்த மடையன் நான்.

ஒரு நாள் காலையில் மாட்டு வண்டி ஒன்று நேராக வாசலுக்கே வந்தது. வைக்கோல் மேல் ஓர் ஆள் கிடந்தான். முழங்காலுக்குக் கீழே புடவைக் கிழிசலால் கட்டுப் போட்டிருந்தது. குதித்து ஓடி வந்தவள் அவன் மனைவி. இருபத்தைந்து வயதிருக்கும்.

“நல்ல பாம்பு புடுங்கிடுச்சி சார். களை எடுத்துக்கினு இருந்தாரு.”

“பேரு?”

“எங்க வூட்டுக்காரரு.”

“அது உறவுமா. பேரச் சொல்லு.”

அவள் தரையைப் பார்த்தாள். புருஷன் பெயரை மனைவி வாயால் சொல்லாதது எனக்குப் புதிதில்லை. வழக்கமாகக் கூட வந்தவர் யாராவது சொல்லிவிடுவார்கள். அன்று கூட வந்தவர் வண்டிக்காரர் மட்டும். அவரும் வழியில் பார்த்துப் பரிதாபப்பட்டு ஏற்றிக்கொண்டவர். படுத்திருந்தவனுக்கோ நாக்கு குழறியது.

“பெரிய கோயில் சாமி பேரு சார்” என்றாள்.

காஞ்சிபுரத்தில் இப்படிக் குறிப்புக் கொடுத்தால் உருப்பட்ட மாதிரிதான். வரிசையில் வீங்கிய கன்னத்தோடு நின்ற நெசவாளர், ஊரின் சிவன் கோயில் பக்கமான பெரிய காஞ்சிபுரத்துக்காரர், உடனே சிவன் பெயரைச் சொன்னார். கழுத்தில் கட்டியோடு நின்ற சின்ன காஞ்சிபுரத்துக்காரர், “பெரிய கோயில்னா எங்க பெருமாள் கோயில்தான்பா” என்று பாய்ந்தார். இரண்டும் இல்லை என்று அவள் தலையாட்டினாள். யார் அவளைப் பார்த்தார்கள்? எந்தக் கோபுரம் உயரம் என்று சண்டை தொடங்கி, வரிசையே கட்சி பிரிந்துவிட்டது. நானும் பேனாவைப் பிடித்தபடி சிரித்துக்கொண்டிருந்தேன்.

அவள் சொன்னது அவளுடைய ஊரான மாகறல் கோயிலை என்று பிறகுதான் தெரிந்தது. அவளுக்கு அதுதான் பெரிய கோயில். ஊர் நாலாவது கட்டம் என்பதால் நான் அதுவரை கேட்கவே இல்லை.

வண்டியில் அவன் இமைகள் தாமாகச் சரிந்தன. அதைப் பார்த்தவள் என் சீட்டு ஜன்னலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெயரைக் கத்தினாள். கோபுரச் சண்டை நின்றுபோனது. நான் அழகாக எழுதினேன். எழுதி முடித்துவிட்டு, வெட்கக்கேடு, “தகப்பன் பேரு?” என்றேன். மாமனார் பெயரையும் அவள் சொல்லக்கூடாது.

கத்தல் கேட்டு வெளியே வந்த நர்ஸம்மா என் பேனாவைப் பிடுங்கி எறிந்தார். “பாம்பு தகப்பன் பேரக் கேட்டுட்டாய்யா கடிச்சிது?” என்றவர், கோபுரக்காரர்கள் இருவரையும் ஆளுக்கொரு பக்கம் தூக்கச் சொல்லி அவனை உள்ளே கொண்டுபோனார்.

பிழைத்துக்கொண்டான். விஷமுறிவு ஊசி போட்ட டாக்டர் என்னிடம் வந்து, இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் அந்தப் பெயரைப் பிணவறை ரிஜிஸ்டரில் எழுதியிருப்பாய் என்று மட்டும் சொன்னார். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாளிலிருந்து ஆள் முதலில் உள்ளே, பெயர் பிறகு. வேப்பமரம் வரை நீண்ட வரிசை வராந்தாவிலேயே முடிந்தது. காலிக் கட்டங்களுக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. வாங்கி டிராயரில் போட்டேன்.

ஐந்தாம் நாள் அவனை ஊருக்குக் கூட்டிப்போகும்போது அவள் மட்டும் என் ஜன்னலுக்கு வந்தாள். திட்டு வாங்கத் தயாராக எழுந்து நின்றேன்.

“அந்த நோட்டுல அவரு பேர அடிச்சிடு சார்.”

“ஏம்மா?”

“பொண்டாட்டி வாயால சொன்னா புருசனுக்கு ஆயுசு கொறைஞ்சிடும். நான் சொல்லிட்டனே. எழுதுனதையாவது அழிச்சிடு.”

வெட்கத்தில் சொல்லாமல் நின்றாள் என்றல்லவா நான் நினைத்தேன்? சொன்னாலும் போய்விடுவான், சொல்லாவிட்டாலும் போய்விடுவான் என்ற இக்கட்டில் அவளை நிறுத்தி வைத்திருக்கிறேன்.

சர்க்கார் ரிஜிஸ்டரில் அடித்தல் திருத்தல் கூடாது. அவள் கண் முன்னாலேயே அந்தப் பெயர் மேல் கோடு கோடாக மை இழுத்தேன்.

“போதுமாம்மா?”

அவள் ரிஜிஸ்டரைத் தன் பக்கம் திருப்பி, வெளிச்சத்தில் குனிந்து பார்த்தாள்.

“இன்னொரு வாட்டி அடி சார்” என்றாள். அடித்தேன்.